வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம்: குழி தோண்டும் முன் முடிவு செய்ய வேண்டியவை

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கோவை வடவள்ளிப் பக்கம் 10 சென்ட் மனை, வீட்டுக்குப் பின்னால் 50-க்கு 30 அடி காலியிடம், மேற்கு ஓரத்தில் பெரிய வேப்பமரம். போர் தண்ணீர், டிடிஎஸ் (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகள், மில்லிகிராமில்) 1,400. ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகள். எவ்வளவு பெரிய குளம் கட்டலாம், குளோரின் வேண்டாம் என்பதால் உப்புத் தண்ணீர்க் குளம் போடலாமா, கட்டிய பிறகு நாமே பராமரிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

குளம் கட்டும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். முடியும், தினம் கால் மணி நேரம் போதும். ஆனால் அந்தக் கால் மணி நேரம் இரண்டு மணி நேரமாகுமா இல்லையா என்பது குழி தோண்டும் முன்பே முடிவாகிவிடுகிறது. பச்சை பிடித்துக் கிடக்கும் குளங்களைப் பார்க்கக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பாதிக்குப் பாதி, குறை மருந்தில் இருக்காது. மேல்மட்டக் குப்பையை உறிஞ்சும் வாயான ஸ்கிம்மரைக் காற்று வரும் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள், தண்ணீரைச் சோதிக்காமலே நிரப்பியிருப்பார்கள், மோட்டார் ரூமை எங்கோ மூலையில் ஒளித்திருப்பார்கள். இவற்றை எந்த மருந்தும் சரிசெய்யாது.

அளவு 24-க்கு 12 அடி போதும். ஆழம் ஒரு முனையில் மூன்றரை அடி, மறுமுனையில் நாலரை. சராசரி நாலடி என்று வைத்தால் ஏறக்குறைய 32,600 லிட்டர். பெரிய டேங்கர் லாரியில் மூன்று நடை. ஆறடி ஆழம் வேண்டும் என்று பலர் கேட்பார்கள்; வீட்டுக் குளத்துக்கு அது தேவையே இல்லை. ஆறடியில் டைவ் அடிப்பது கழுத்தை முறித்துக்கொள்ளும் வேலை, நீந்துவதற்கோ நாலடியே தாராளம். ஆழம் கூடினால் தோண்டும் செலவு, கம்பி, தண்ணீர், மருந்து எல்லாம் கூடும், ஆபத்தும் கூடும். உங்கள் சின்னப் பிள்ளைக்கு மூன்றரை அடி என்பதே கழுத்துக்கு மேல் வரும். அதனால் ஆழம் குறைந்த முனையில், ஒன்றரை அடித் தண்ணீர் நிற்கிற மாதிரி மூன்றடி அகலத்துக்கு ஒரு திண்டு கட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் முதல் இரண்டு வருடம் அந்தத் திண்டில்தான் இருப்பார்கள். பெரியவர்கள் நீச்சல் பயிற்சிக்கு 24 அடி நீளம் போதாதுதான். இடுப்பில் எலாஸ்டிக் கயிறு கட்டி நின்ற இடத்திலேயே நீந்தலாம், அதற்காக இன்னொரு 20 அடி தோண்ட வேண்டாம்.

இடம் தேர்வு செய்யும்போது உங்கள் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, குளத்தின் மேல் விழும் இலை, தூசி, பூச்சி எல்லாவற்றையும் கிழக்குச் சுவரில் கொண்டுபோய் ஒட்டும். ஆகவே ஸ்கிம்மர் கிழக்குச் சுவரில் இருக்க வேண்டும். வடிகட்டிய தண்ணீர் திரும்பி வரும் வாய்களை மேற்குச் சுவரில் வைக்க வேண்டும். அப்போது காற்றும் மோட்டாரும் ஒரே திசையில் வேலை செய்யும். வலை போட்டு அள்ளும் வேலை பாதியாகக் குறையும். மாற்றி வைத்துவிட்டால் ஆடி மாதம் முழுக்கக் குப்பை ஒரு பக்கம், உறிஞ்சும் வாய் இன்னொரு பக்கம்.

வேப்பமரத்தை வெட்டாதீர்கள். மேற்கில் இருப்பதால் பிற்பகல் வெயிலை அது மறைக்கும், வெயில்தான் குளோரினுக்கு முதல் எதிரி. குளத்தைக் கிழக்கு வேலிப் பக்கம் தள்ளி, மரத்துக்கும் குளத்துக்கும் நடுவே 20 அடியாவது விடுங்கள். மாசி பங்குனியில் இலை கொட்டும்போதும் சித்திரையில் பூ உதிரும்போதும் ஒரு வலைப் போர்வை போட்டு மூடினால் போதும். அதேபோல் வீட்டு அஸ்திவாரத்துக்கும் மதில் சுவருக்கும் மிக அருகில் தோண்டக் கூடாது. குழியின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது தள்ளியிருக்கட்டும்.

அடுத்தது மண். கோவையைச் சுற்றி ஓர் இடத்தில் செம்மண், அரை கிலோமீட்டர் தள்ளிக் கரிசல், இன்னோர் இடத்தில் நாலடிக்குள் பாறை. கரிசல் என்றால் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதை வெட்டி எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்பிக் கெட்டிப்படுத்தித்தான் தளம் போட வேண்டும். பாறை வந்தால் நல்லது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தளத்துக்கு நல்லதுதான். ஆனால் பாறையில் வெட்டிய குழி தண்ணீரை வெளியே விடாது. ஐப்பசி கார்த்திகை மழையில், குளத்துச் சுவருக்கும் பாறைக்கும் நடுவில் நிரப்பிய மண்ணில் நீர் தேங்கிக்கொண்டே வரும். அந்த நேரம் பார்த்து, சுத்தம் செய்கிறேன் என்று யாராவது குளத்தைக் காலி செய்தால் கதை முடிந்தது. காலிக் குளம் என்பது ஒரு கான்கிரீட் படகு. வெளியே தளத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், அடித்தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஒரு டன் கனத்தோடு மேலே தள்ளும். 24-க்கு 12 குளத்தில் அது 26 டன்னுக்கு மேல். எட்டு அங்குலத் தளத்தின் எடை சதுர மீட்டருக்கு அரை டன்தான். சுவர் விரிசல் விட்டு, தளம் நடுவில் முதுகு தூக்கி, டைல் முழுக்கப் பெயர்ந்து நின்ற ஒரு குளத்தை மழைக்காலத்தில் பார்த்திருக்கிறேன். உடைத்துப் புதிதாகக் கட்டுவதைத் தவிர வழியில்லை.

இதற்கு எளிய காப்பு இருக்கிறது. குளத்துச் சுவரை ஒட்டி வெளிப்பக்கம், தளத்துக்கும் ஓரடி கீழே போகிற மாதிரி ஓட்டை போட்ட 6 அங்குலக் குழாய் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, சுற்றிலும் ஜல்லி போடச் சொல்லுங்கள். மூடியைத் திறந்து ஒரு கயிறு விட்டால் வெளியே நீர் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். நின்றால் சின்ன மோட்டார் இறக்கி இறைத்துவிடலாம். கட்டும்போது ஆகிற செலவு அற்பம், பிறகு போட நினைத்தால் பெரிய வேலை.

சுவருக்கும் தளத்துக்கும் கம்பி கட்டிய கான்கிரீட்தான், செங்கல் கட்டிப் பூசுகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். தண்ணீர் தேக்கும் கட்டுமானங்களுக்கென்று ஐ.எஸ். 3370 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. அதன்படி கான்கிரீட் குறைந்தது எம்30 தரம். பொறியாளரிடம் இரண்டு நிலைக்கும் கணக்குப் போட்டுக் கேளுங்கள்: உள்ளே தண்ணீர் நிரம்பி வெளியே மண் இல்லாத நிலை, உள்ளே காலியாகி வெளியே நனைந்த மண் அழுத்தும் நிலை. தளமும் சுவரும் சேரும் இணைப்பில் நீர் கசியாமல் தடுக்கும் பி.வி.சி. வாட்டர் ஸ்டாப் பட்டை கட்டாயம். டைல் ஒட்டும் முன் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். மேஸ்திரி அவசரப்படுவார். விடாதீர்கள். கசிவை டைலுக்குப் பின்னால் தேடுவது போன்ற வேதனை இந்தத் தொழிலில் வேறில்லை. டைல் இடுக்குக்கு சிமெண்ட் கிரவுட் வேண்டாம், ஆசிட் அதைத் தின்றுவிடும். எபாக்ஸி கிரவுட் போடுங்கள்.

நாலு பக்கமும் வழிந்தோடும் ஓவர்ஃப்ளோ குளம் படத்தில் அழகாக இருக்கும். அதற்குத் தனியாக ஒரு நிலத்தடித் தொட்டி வேண்டும், ஆவியாவதும் கூடும். வீட்டுக்கு ஸ்கிம்மர் முறைதான் என் பரிந்துரை.

மோட்டாரும் ஃபில்டரும் கணக்குதான். முழுத் தண்ணீரும் ஆறு மணி நேரத்தில் ஒரு முறை வடிகட்டியைத் தாண்ட வேண்டும். 32,600 லிட்டரை ஆறால் வகுத்தால் மணிக்கு ஐயாயிரத்து நானூறு லிட்டர் சொச்சம். முக்கால் எச்.பி. மோட்டாரும் 500 மில்லிமீட்டர் விட்டமுள்ள மணல் ஃபில்டரும் இதற்குச் சரி. ஒன்றரை எச்.பி. போட்டால் சீக்கிரம் சுத்தமாகும் என்று விற்பவர் சொல்லலாம். சின்ன ஃபில்டரில் பெரிய மோட்டாரைப் போட்டால் அழுக்கு மணலைத் துளைத்துக்கொண்டு மறுபடி குளத்துக்கே வரும். மோட்டார் ரூம் குளத்துக்கு அருகில், தண்ணீர் மட்டத்தை ஒட்டியோ சற்றுத் தாழ்ந்தோ இருக்கட்டும். உறிஞ்சும் குழாய் 63 மில்லிமீட்டர், எல்போ எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மின்சாரம் நாளுக்கு 5 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் விலைப் பட்டியலே மாறிவிடும் என்பதால், உங்கள் இப்போதைய பில்லோடு கூட்டிப் பாருங்கள். கூரையில் சோலார் இருந்தால் பகலில் ஓட்டிக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் தண்ணீர். இந்தக் கேள்வியில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த 1,400 என்ற எண்தான். டிடிஎஸ் மட்டும் போதாது. பி.எச். (அமில-கார அளவு), கடினத்தன்மை (கரைந்த சுண்ணாம்பின் அளவு), இரும்பு மூன்றையும் லேபில் சோதித்து எழுதி வாங்குங்கள். கடினத்தன்மை லிட்டருக்கு 200-லிருந்து 400 மில்லிகிராம் வரை குளத்துக்கு ஏற்றது. உங்கள் பக்கத்து போர்களில் அதைத் தாண்டுவது சகஜம். தாண்டினால் நீர்மட்டக் கோட்டில் டைல் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். நகத்தால் கீறினால் உதிராது. ஃபில்டர் மணலும் கட்டி தட்டும். இரும்பு இருந்தால் குளோரின் போட்ட மறுநிமிடம் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும். இன்னொன்றும் உண்டு. வெயில் ஊரில் வருடத்துக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் நீர் ஆவியாகும். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அத்தனையும் உள்ளேயே நிற்கும். மறுபடி அதே போர் தண்ணீரை விட்டால் உப்பு மேல் உப்பு.

இதற்கு மழைநீர்தான் மருந்து. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் கிடைக்கும். முதல் பத்து நிமிட மழையை வெளியே விட்டுவிட்டு, மீதியை ஒரு வலை வடிகட்டி வழியாகக் குளத்துக்குத் திருப்புகிற மாதிரி குழாய் அமைத்துக்கொள்ளுங்கள். சிறுவாணித் தண்ணீர் மென்மையானது, உங்கள் போர் தண்ணீரின் கடினத்தைக் குறைக்க அருமையாகப் பொருந்தும் என்பது உண்மை. ஆனால் அது ஊர் குடிக்கிற தண்ணீர். கோடையில் வாரம் ஒருமுறை குடத்தோடு காத்திருக்கும் வீடுகள் இருக்கும் நகரத்தில், அதைக் குளத்துக்குத் திறந்துவிடுவதை என்னால் பரிந்துரைக்க முடியாது.

உப்புக் குளம் பற்றி. உப்புக் குளத்தில் குளோரின் இல்லை என்பது தவறான எண்ணம். கரைந்த உப்பிலிருந்து மின்சாரத்தால் குளோரினைப் பிரித்தெடுப்பதுதான் அந்த இயந்திரத்தின் வேலையே. உங்கள் குளத்துக்கு ஏறக்குறைய 100 கிலோ உப்பு கொட்ட வேண்டியிருக்கும். கடினத் தண்ணீரில் அதன் மின்தகடுகளில் சுண்ணாம்பு படிந்துகொண்டே இருக்கும், சில வருடத்தில் தகட்டையே மாற்ற வேண்டும், அது மலிவும் இல்லை. ஃபில்டர் மணலைக் கழுவி வெளியே விடும் பேக்வாஷ் தண்ணீரைச் செடிக்கும் விட முடியாது. உங்கள் தண்ணீருக்கு அது வேண்டாம்.

கண் எரிச்சல், மூக்கைத் துளைக்கும் நெடி என்று குளோரினைப் பற்றி நீங்கள் பயப்படுவது எதனால் என்று புரிகிறது. அந்த நெடி குளோரின் கூடியதால் வருவதில்லை. வியர்வை, சிறுநீர் இவற்றோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்தான் நாறுவது. பெரும்பாலும், இவற்றோடு சேராமல் மிஞ்சி நிற்கும் நல்ல குளோரின் போதாமல்தான் அப்படி ஆகிறது. ஆகவே இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளிப்பது கட்டாயம் என்று வீட்டில் சட்டமாக்குங்கள். குறிப்பாகத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு யாரும் இறங்கக் கூடாது. எண்ணெய் டைல் ஓரத்தில் பிசுபிசுத்த வளையமாக ஒட்டும், மணலை நாசம் செய்யும்.

மருந்தில் நினைவில் வைக்க வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். குளோரின் லிட்டருக்கு 1-லிருந்து 3 மில்லிகிராம். பி.எச். 7.2-லிருந்து 7.6. காரத்தன்மை (பி.எச். சட்டென்று ஏறி இறங்காமல் பிடித்து வைப்பது) 80-லிருந்து 120 மில்லிகிராம், கடினத் தண்ணீருக்கு 80 பக்கமே போதும். இவற்றில் பி.எச்.தான் ராஜா. 7.5-ல் நீங்கள் போட்ட குளோரினில் பாதி கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். 8-க்குப் போனால் கால்வாசிதான். பலரும் இதைப் பார்க்காமல் குளோரினை மேலும் மேலும் கொட்டிக்கொண்டிருப்பார்கள்.

எந்தக் குளோரின் என்பதிலும் உங்கள் தண்ணீர்தான் தீர்மானிக்கும். கால்சியம் ஹைப்போகுளோரைட் துகள் ஏற்கெனவே இருக்கும் சுண்ணாம்பை இன்னும் ஏற்றும். டி.சி.சி.ஏ. என்ற குளோரின் மாத்திரை வசதிதான், ஆனால் அதோடு சயனூரிக் அமிலம் சேர்ந்துகொண்டே வரும்: 10 பங்கு குளோரினுக்கு 6 பங்கு. அந்த அமிலம் 30-லிருந்து 50 மில்லிகிராம் வரை இருந்தால் குளோரினை வெயிலிலிருந்து காக்கும். அது இல்லாவிட்டால் உச்சிவெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் பறந்துவிடும். அதிகமானாலோ குளோரினையே கட்டிப்போட்டுவிடும், தண்ணீரைக் கொஞ்சம் மாற்றுவதுதான் வழி. தினமும் மாத்திரை மட்டுமே போட்டால் மூன்று மாதத்துக்குள் அந்த நிலைமை வரும். எனவே தொடக்கத்தில் ஒரு மாதம் மாத்திரை, பிறகு திரவ சோடியம் ஹைப்போகுளோரைட். 10 சதவீத ஹைப்போ 330 மில்லி ஊற்றினால் உங்கள் குளத்தில் குளோரின் 1 மில்லிகிராம் ஏறும். பொழுது சாய்ந்த பிறகு, மோட்டார் ஓடும்போது, தண்ணீர் திரும்பி வரும் வாயருகே ஊற்றுங்கள். சூட்டில் வைத்தால் அது வீரியம் இழக்கும், சின்ன கேன்களாக வாங்கி நிழலில் வையுங்கள். ஹைப்போ பி.எச்.-ஐ மெல்ல ஏற்றும். இறக்குவதற்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை 250 மில்லியில் தொடங்கி, வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றி, நாலு மணி நேரம் கழித்து அளந்து பார்த்துத் தேவையானால் மறுபடி.

ஒரு விஷயத்தில் கை தவறவே கூடாது. ஆசிட்டும் குளோரினும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது, ஒரே குவளையில் அளக்கக் கூடாது. சேர்ந்தால் வருவது விஷவாயு. டி.சி.சி.ஏ.யும் கால்சியம் ஹைப்போவும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். எப்போதும் தண்ணீரில்தான் மருந்தைப் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

தினசரி வேலை என்பது ஸ்கிம்மர் கூடையைக் கொட்டுவது, வலையால் ஒரு சுற்று, சாயங்காலம் குளோரினும் பி.எச்.-ம் அளந்து மருந்து. மஞ்சள் நிறம் காட்டும் மலிவான சொட்டுமருந்துக் கிட் நல்ல குளோரினையும் குளோரமைனையும் சேர்த்தே காட்டும். இளஞ்சிவப்பு காட்டும் டி.பி.டி. கிட் வாங்குங்கள். வாரம் ஒருமுறை சுவரைத் தேய்த்து அடியை வேக்யூம் செய்ய வேண்டும். ஃபில்டரின் அழுத்தமானி, சுத்தமாக இருக்கும்போது காட்டியதைவிட 8 அல்லது 10 பி.எஸ்.ஐ. கூடினால் பேக்வாஷ், நாள் கணக்கு வைத்துச் செய்யாதீர்கள். மோட்டாரை நிறுத்திய பிறகே வால்வைத் திருப்ப வேண்டும். ஒரு தடவைக்கு 300, 400 லிட்டர் வெளியே போகும். தொட்டியில் பிடித்து ஒரு நாள் வெயிலில் வைத்தால் குளோரின் போய்விடும், பிறகு வாழைக்கோ புல்லுக்கோ விடலாம்.

தண்ணீர் குறைகிறதே, கசிவா ஆவியா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பிப் படியில் வைத்து, வாளிக்குள்ளும் குளத்திலும் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கழித்து இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் ஆவி, குளம் அதிகம் குறைந்திருந்தால் கசிவு. கோடையில் நாளுக்கு 6 மில்லிமீட்டர், அதாவது 160 லிட்டர் போவது இயல்பு.

பச்சை பிடித்தால் தண்ணீரை வெளியேற்றாதீர்கள். முதலில் பி.எச்.-ஐ 7.2-க்கு இறக்கி, சுவரை அழுத்தித் தேய்த்து, குளோரினை 10 மில்லிகிராம் வரை ஏற்றி அங்கேயே நிறுத்தி, மோட்டாரை இரவு பகலாக ஓட்டுங்கள். பச்சை சாம்பல் நிறமாகி, பிறகு தெளியும். மயில்துத்தம் போடச் சொல்வார்கள். அது டைலில் கறையாக இறங்கும், வேண்டாம். ஒரு முறை நிரப்பிய தண்ணீரை ஒழுங்காக வைத்திருந்தால் வருடக் கணக்கில் முழுதாக மாற்ற வேண்டியதில்லை.

பிள்ளைகள் விஷயத்தை எதனோடும் பேரம் பேச முடியாது. குளத்தைச் சுற்றி நாலடி உயர வேலி, தானே மூடிக்கொள்ளும் கதவு, கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், தாழ் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில். வேலியருகே நாற்காலி, பூந்தொட்டி எதுவும் கூடாது. வேலிக்கு ஒதுக்கப் பணம் இல்லையென்றால் குளத்தைத் தள்ளிப்போடுங்கள். அடியில் உறிஞ்சும் வாய் ஒன்றே ஒன்று வைக்கக் கூடாது. மூன்றடி இடைவெளியில் இரண்டு, இரண்டுக்கும் குவிந்த மூடி. 2002-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுக் குழந்தை ஒரு தொட்டியின் உறிஞ்சு வாயில் ஒட்டிக்கொண்டு, பெரியவர்கள் இழுத்தும் உடனே வராமல் இறந்துபோனாள். அவள் பெயரிலேயே 2007-ல் அங்கே சட்டம் வந்தது. நம் வீட்டுக் குளங்களில் இதை யாரும் வந்து சோதிப்பதில்லை என்பதால் நீங்களே நின்று பார்க்க வேண்டும். தண்ணீருக்குள் விளக்கு 12 வோல்ட் மட்டும், அதற்கான டிரான்ஸ்ஃபார்மர் மோட்டார் ரூமில். முழு இணைப்புக்கும், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கட்டும், மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

இத்தனையும் வேண்டாம் என்று தோன்றினால் நம் பக்கத்திலேயே வேறு ஒரு வழக்கம் உண்டு. பொள்ளாச்சி, உடுமலைத் தோப்புகளில் பம்ப்செட் தண்ணீர் விழும் பெரிய தொட்டியில் பிள்ளைகள் ஆடிவிட்டு, அந்தத் தண்ணீர் அப்படியே தென்னைக்குப் போகும். மருந்து கிடையாது, தண்ணீர் இரண்டு மூன்று நாளுக்கு மேல் நிற்பதும் கிடையாது. தோட்டம் இருந்தால் இதைவிடச் சிறந்த குளம் இல்லை. 10 சென்ட் மனையில் அவ்வளவு தண்ணீரைக் குடிக்கச் செடி இருக்காது என்பதுதான் உங்களுக்குள்ள தடை.

இப்போதைக்கு இரண்டு வேலை செய்யுங்கள். போர் தண்ணீரை லேபுக்குக் கொடுங்கள். குளம் வரப்போகும் இடத்தில் ஆறடி ஆழத்துக்கு ஒரு சோதனைக் குழி வெட்டிப் பலகையால் மூடி வைத்து, ஐப்பசி மழை முடியும்வரை வாரம் ஒருமுறை அதில் நீர் எவ்வளவு நிற்கிறது என்று குறித்து வையுங்கள். அந்த இரண்டு தாளும் கையில் இருந்தால் தளத்தின் கனத்தையும் மருந்தின் வகையையும் அன்றைக்கே முடிவு செய்துவிடலாம்.